எழுதும் வேகமும் ஏற்கும் வேகமும்

முன்னுரை

கணிப்பொறியில் ஒரு கோப்பைச் சேமிக்குமாறு ஆணையிடுகிறோம். கண்ணிமைக்கும் நேரத்தில் 'முடிந்தது' என்னும் விடை வருகிறது. ஆயின் அவ்விடை வந்த நொடியில் நம் எழுத்து வன்தட்டில் பதிந்துவிட்டதா என்று வினவினால், பெரும்பாலும் 'இல்லை' என்பதே உண்மையான மறுமொழி. அது இன்னும் நினைவகத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. சில நொடிகளோ, அரை நிமிடமோ, சில வேளைகளில் அதனினும் மிகுந்த நேரமோ கழிந்த பின்னரே அது வட்டை அடைகிறது.

இந்த இடைவெளியை ஆள்வது, இயக்க அமைப்பின் நடுவில் அமைந்து வன்பொருள் அனைத்தையும் மேற்பார்க்கும் 'கெர்னல்' என்னும் உட்கரு ஆகும். எழுத்துகள் நினைவகத்தில் அளவுக்கு மீறித் தேங்கிவிடாதபடி, எழுதிக் குவிக்கும் நிரல்களை அது இடையிடையே நிறுத்தி நிறுத்தி அனுப்புகிறது. ஆங்கிலத்தார் 'த்ராட்லிங்' என வழங்கும் இச்செயலை நாம் 'மட்டுப்படுத்தல்' எனலாம். யாரை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது என்னும் மூன்று வினாக்களே இதன் சாரம். எவரும் திறந்து படிக்கத்தக்க மூலநிரலைக் கொண்ட லினக்ஸ் அமைப்பைச் சான்றாகக் கொண்டு, இவ்வினாக்களுக்கு அறிஞர் கண்ட விடைகளை இக்கட்டுரையில் காண்போம்.

சொல்லைப் பற்றி ஒரு சொல். வட்டில் எழுதுவதை 'வட்டெழுத்து' என்று சுருக்கிச் சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் தமிழ் பயின்றோர் உள்ளத்தில் அச்சொல் பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளையே எழுப்பும். ஆதலால் 'வட்டில் எழுதுதல்' என்றே விரித்துரைப்போம்.

இருவேறு வேகங்கள்

சிக்கலின் வேர் வேக வேற்றுமையில் இருக்கிறது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஒரு வன்தட்டை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 120 சுற்றுகள்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிமுனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்கு மேல், காத்திருக்க வேண்டும். படிமுனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு நகரும் நேரம் இதற்கு மேல். நினைவகத்தில் ஓர் இடத்தைத் தொடுவதற்கோ ஒரு மில்லி விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். ஆக, ஒன்று மற்றொன்றினும் பல்லாயிரம் மடங்கு விரைவுடையது.

திண்மநிலை வட்டுகள் பரவிய பின் இவ்வேற்றுமை பெரிதும் சுருங்கியது, ஆயினும் மறைந்துவிடவில்லை. நிரல் ஒன்று நினைவகத்தில் நொடிக்குப் பல கிகாபைட் எழுத வல்லது. அத்தனையையும் இடையறாது வாங்கிக்கொள்ளும் ஆற்றல் எளிய சேமிப்புக் கருவிகளுக்கு இல்லை. மலிவான பென் டிரைவ் ஒன்று நொடிக்குப் பத்து மெகாபைட் ஏற்றாலே நன்று.

சிட்டையும் பேரேடும்

இவ்வேற்றுமையை ஈடுகட்டும் வழியை நம் வணிகர்கள் நெடுங்காலமாக அறிவர். கடையில் கூட்டம் நெருக்கும்போது ஒவ்வொரு வரவையும் பேரேட்டில் உரிய பக்கம் தேடிப் பதிந்துகொண்டிருக்க இயலாது. கைக்கு எட்டிய சிட்டையில் அப்போதைக்குக் குறித்து வைப்பர். ஓய்வு கிடைத்ததும் கணக்கப்பிள்ளை அவற்றை வகைப்படுத்திப் பேரேட்டில் ஏற்றுவார். நினைவகமே சிட்டை, வன்தட்டே பேரேடு. பின்னணியில் இயங்கி எழுத்துகளை வட்டுக்கு அனுப்பும் உட்கருவின் பணியாளே கணக்கப்பிள்ளை.

உட்கரு நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பகுத்து ஆள்கிறது. பெரும்பாலான கணிப்பொறிகளில் ஒரு பக்கம் 4,096 பைட் கொண்டது. நிரல் எழுதியதும் மாறிவிட்ட, ஆனால் வட்டில் இன்னும் ஏறாத பக்கத்தை ஆங்கிலத்தில் 'டர்ட்டி பேஜ்' என்பர். 'அழுக்குப் பக்கம்' என நேராகப் பெயர்த்தால் அதில் ஏதோ குற்றம் உள்ளது போலத் தோன்றும். குற்றம் ஏதுமில்லை, நிலுவைதான் உள்ளது. ஆகவே அதனைப் 'பதியாப் பக்கம்' என அழைப்போம்.

இவ்வாறு தாமதித்து எழுதுவதால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, ஒரே பக்கம் பத்து முறை திருத்தப்பட்டாலும் வட்டில் ஒருமுறை எழுதினால் போதும். இரண்டாவது, தோன்றிச் சில நொடிகளில் அழிக்கப்படும் தற்காலிகக் கோப்புகள் வட்டுக்குச் செல்லாமலே மறைந்துவிடும். மூன்றாவது, அடுத்தடுத்த இடங்களுக்கு உரியவற்றை ஒன்றுசேர்த்து ஒரே ஓட்டத்தில் எழுதலாம். படிமுனை அங்குமிங்கும் அலையாது.

யூனிக்ஸ் அமைப்பின் தொடக்க காலத்திலிருந்தே இம்முறை உண்டு. 'அப்டேட்' என்னும் சிறு நிரல் 30 நொடிகளுக்கு ஒருமுறை விழித்து, நிலுவையில் உள்ளவற்றை வட்டுக்கு அனுப்பச் செய்யும். 1991-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் இவ்வழியையே மேற்கொண்டது. பின்னர் அமைந்த அதன் இயல்பு ஏற்பாட்டின்படி, பின்னணிப் பணியாள் 5 நொடிகளுக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். 30 நொடிகளுக்கு மேல் நிலுவையில் கிடப்பவற்றை எழுதத் தொடங்கும்.

எல்லை ஏன் வேண்டும்?

சிட்டை முடிவில்லாதது அன்று. கணக்கப்பிள்ளை ஏற்றும் வேகத்தைவிட வரவு விரைந்து வந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் வெற்றுத்தாள் தீர்ந்துபோகும். நினைவகத்திலும் அவ்வாறே. பதிந்த பக்கத்தை வேண்டும்போது உடனே துடைத்து வேறு பணிக்கு வழங்கலாம்; அதன் படி வட்டில் இருக்கிறது. பதியாப் பக்கத்தை அவ்வாறு துடைக்க இயலாது. நினைவகம் முழுதும் அத்தகைய பக்கங்களால் நிறைந்தால், எழுத்தோடு தொடர்பே இல்லாத நிரல்கள்கூட நினைவிடம் கேட்டுக் காத்துக் கிடக்க நேரும். மேலும், மின்சாரம் நின்றால் இழப்பது அத்தனை நிலுவையையும் ஆகும். ஆகவே நிலுவைக்கு ஓர் எல்லை கட்டாயமாகிறது.

லினக்ஸ் இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. பதியாப் பக்கங்கள், பயன்படுத்தத்தக்க நினைவகத்தில் 10 விழுக்காட்டை எட்டினால் பின்னணிப் பணியாள் 30 நொடி நிறைவதற்குக் காத்திராது எழுதத் தொடங்க வேண்டும். இது கீழ்எல்லை. 20 விழுக்காடு மேல்எல்லை. அதனைக் கடக்க எந்த நிரலுக்கும் இசைவில்லை. இவை இயல்பாக அமைந்த அளவுகள். கணிப்பொறியை ஆள்பவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

எல்லை வகுத்தாயிற்று. அதனை எவ்வாறு காப்பது என்பதில்தான் அறிஞர்கள் பலகாலம் இடர்ப்பட்டனர்.

பழைய முறையும் அதன் குறையும்

எளிய வழி ஒன்றே முதலில் கைக்கொள்ளப்பட்டது. மேல்எல்லையைத் தொட்ட நிரலை நோக்கி, 'நிலுவையை ஏற்றிவிட்டு மேலே செல்' என்று உட்கரு பணித்தது. அதாவது, எழுதவந்த நிரலே தன் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு பகுதிப் பதியாப் பக்கங்களை வட்டில் ஏற்றவேண்டும். குவித்தவரே சுமக்கட்டும் என்னும் இவ்விதி மேலோட்டமாகப் பார்த்தால் நேர்மையானதாகவே தோன்றும்.

நடைமுறையில் அது பேரிடராயிற்று. நூறு வாடிக்கையாளரை ஒரே வேளையில் பேரேட்டின்முன் நிறுத்தி, அவரவர் வரவை அவரவரே பதியுமாறு சொன்னால் என்ன ஆகும்? ஒருவர் ஒரு பக்கத்தைப் புரட்ட, மற்றொருவர் வேறு பக்கத்தைப் புரட்ட, ஏடு புரளுமேயன்றி எழுத்து ஏறாது. அவ்வாறே பல நிரல்கள் வெவ்வேறு கோப்புகளின் சிறுசிறு பகுதிகளை ஒரே வேளையில் வட்டுக்கு அனுப்ப, படிமுனை தடம்விட்டுத் தடம் தாவியே காலத்தைக் கழித்தது. வட்டின் வேகம் எப்போது தேவையோ அப்போதே அது குறைந்தது. ஒரு நிரல் எவ்வளவு நேரம் அடைபட்டுக் கிடக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

மற்றொரு குறையும் இருந்தது. எல்லை கணிப்பொறி முழுவதற்கும் ஒன்றாக இருந்தமையால், மெதுவான ஒரு கருவிக்கு உரிய நிலுவை எல்லை முழுவதையும் நிரப்பிவிடும். விரைவான வட்டில் எழுதவந்த நிரலும் அதனால் தடைபடும். ஒருவர் பட்ட கடனுக்கு அண்டை வீட்டாரைப் பிணைவைத்தது போன்ற நிலை இது. 2008-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 பதிப்பில் பீட்டர் சைல்ஸ்ட்ரா என்பவர் இதற்குத் தீர்வு கண்டார். ஒவ்வொரு கருவியும் அண்மையில் எழுதி முடித்த அளவை உட்கரு கணக்கிட்டு, அந்த விகிதத்திலேயே மொத்த எல்லையைப் பங்கிட்டு அளிக்கும். விரைந்து கடன் தீர்ப்பவருக்குப் பெரிய பற்று. மெல்லத் தீர்ப்பவருக்குச் சிறிய பற்று. 2009-ஆம் ஆண்டு திசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில், ஜென்ஸ் ஆக்ஸ்போ என்பவரின் பணியால், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கணக்கப்பிள்ளையே அமைந்தது.

2012-ஆம் ஆண்டின் மாற்றம்

அடிப்படை மாற்றம் 2012-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த 3.2 பதிப்பில் நிகழ்ந்தது. அதனை வடித்தவர் வூ ஃபெங்குவாங் என்னும் பொறியாளர். அவர் கண்ட வழி இரு கூறுகளை உடையது.

ஒன்று: எழுதும் நிரல் இனி வட்டைத் தொடவே வேண்டா. வட்டில் ஏற்றுவது முழுக்கப் பின்னணிப் பணியாளின் பொறுப்பு. நிரல் செய்யவேண்டுவதெல்லாம் சற்று நேரம் உறங்குவது மட்டுமே. வாடிக்கையாளர் வரிசையில் நிற்கட்டும். பேரேட்டைக் கணக்கப்பிள்ளை ஒருவரே தொடட்டும் என்பது இதன் கருத்து. படிமுனையின் அலைச்சல் இதனால் தணிந்தது.

இரண்டு: உறக்கத்தை எல்லையில் திடீரெனச் சுமத்தாமல், முன்கூட்டியே தொடங்கிச் சிறுகச் சிறுகப் பங்கிட்டு அளிப்பது. கணக்கு ஒன்றால் இதனை விளக்குவோம். பயன்படுத்தத்தக்க நினைவகம் 10 கிகாபைட் என்க. கீழ்எல்லை 1 கிகாபைட். மேல்எல்லை 2 கிகாபைட். இரண்டிற்கும் நடுவான 1.5 கிகாபைட் வரை நிரல்களுக்குத் தடை ஏதுமில்லை. அது கட்டற்ற வெளி. அந்த 1.5-க்கும் மேல்எல்லைக்கும் நடுவான 1.75 கிகாபைட் என்பதை உட்கரு தன் இலக்காகக் கொள்கிறது.

இனி, வட்டு நொடிக்கு 100 மெகாபைட் ஏற்கிறது. நான்கு நிரல்கள் ஒரே வேளையில் எழுதுகின்றன எனக் கொள்வோம். நிலுவை இலக்கில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் 25 மெகாபைட் உரிமை. வரவும் செலவும் சமம்; துலாக்கோல் அசையாது. நிலுவை 1.5 கிகாபைட் அளவே இருந்தால் உரிமை இருமடங்காகி 50 மெகாபைட் ஆகும். மேல்எல்லையாகிய 2 கிகாபைட்டைத் தொட்டால் உரிமை சுழியாகிவிடும். இவற்றிற்கு இடையில் உரிமை நேர்க்கோட்டில் குறைவதில்லை. மும்மடிக் கணக்கில் வளைந்து குறைகிறது. இலக்கிலிருந்து மேல்எல்லைக்குப் பாதி வழி, அதாவது 1.875 கிகாபைட், வந்த பின்னும் உரிமையில் எட்டில் ஒரு பங்கே குறையும். 25 மெகாபைட் ஏறத்தாழ 22 ஆகும். மிகுதிக் குறைப்பெல்லாம் எல்லைக்கு மிக அண்மையிலேயே நிகழும். இலக்கைச் சுற்றி மென்மை, விளிம்பில் கடுமை. இதுவே அவ்வளைகோட்டின் பண்பு.

25 மெகாபைட் உரிமை பெற்ற நிரல் ஒன்று 1 மெகாபைட் எழுதினால், அதற்குரிய காலம் 40 மில்லி விநாடி. அதற்கு முன்பே எழுதி முடித்திருந்தால் எஞ்சிய நேரத்தை உறங்கிக் கழிக்கவேண்டும். ஓர் உறக்கம் 200 மில்லி விநாடிக்கு, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கிற்கு, மேற்படாது. பழைய முறையில் பல நொடிகள் கல்லாய் நின்ற நிரல், இப்போது சீரான நடையில் செல்கிறது. வட்டின் வேகத்தையும் உட்கரு எவரிடமும் கேட்டு அறிவதில்லை. 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை, எழுதி முடிந்தவற்றைத் தானே அளந்து கணித்துக்கொள்கிறது.

வேறோர் அமைப்பைச் சார்ந்தோரும் இதே முடிவுக்கு வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. இசட்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையில் 2013-ஆம் ஆண்டில் எழுத்துக் கட்டுப்பாடு புதிதாக வடிக்கப்பட்டது. அங்கும் எல்லை நிரம்பும்வரை காத்திராமல், நிலுவை எல்லையின் 60 விழுக்காட்டை அடைந்ததுமே மிகச் சிறு தாமதங்கள் தொடங்குகின்றன. நிலுவை ஏற ஏறத் தாமதமும் வளர்கிறது.

விழுக்காடு என்னும் அளவுகோல்

விழுக்காட்டு எல்லையில் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. 16 மெகாபைட் நினைவகம் கொண்ட பழைய கணிப்பொறியில் 20 விழுக்காடு என்பது 3.2 மெகாபைட். நொடிக்கு ஒரு மெகாபைட் ஏற்கும் வட்டாயினும் நான்கு நொடிக்குள் நிலுவை தீரும். 16 கிகாபைட் கணிப்பொறியிலோ அதே 20 விழுக்காடு 3.2 கிகாபைட் வரை செல்லும். நொடிக்கு 10 மெகாபைட் ஏற்கும் பென் டிரைவில் அந்நிலுவை முழுதும் சேர்ந்தால், அது தீர ஐந்து நிமிடங்களுக்கு மேல் ஆகும். விழுக்காடு மாறவில்லை; அதன் பொருள் ஆயிரம் மடங்கு மாறிவிட்டது.

படியெடுக்கும் பணி முடிந்தது எனத் திரை காட்டிய பின்னும் பென் டிரைவின் விளக்கு மின்னிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவே. 2009-ஆம் ஆண்டிலேயே எல்லையை விழுக்காட்டிலன்றிப் பைட் கணக்கிலும் அமைக்கும் வசதி லினக்ஸில் சேர்க்கப்பட்டிருந்தது. 2013-ஆம் ஆண்டில் இச்சிக்கல் உட்கருவை வடிப்போரிடையே விரிவாக விவாதிக்கப்பட்டபோது, பெரிய நினைவகங்களுக்கு விழுக்காட்டு அளவு பொருந்தாது என்னும் கருத்து வலுப்பெற்றது. விண்டோஸ் அமைப்பு வேறு வழி சென்றது. 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், கழற்றி மாட்டும் கருவிகளுக்கு நிலுவை வைக்காமல் எழுதும் முறையே இயல்பு ஏற்பாடாயிற்று. வேகம் சற்றுக் குறையலாம்; பாதுகாப்பு மிகும்.

படிப்போர் படும் பாடு

எழுதுவோருக்கு இடையே நடுவுநிலை பிறந்தது. ஆனால் படிப்போர்? நாம் ஒரு கோப்பைத் திறக்கிறோம் என்க. வேண்டிய பகுதி வட்டிலிருந்து வந்தாலன்றி நிரல் மேலே செல்ல இயலாது. எழுத்தைத் தள்ளிப்போடலாம், படிப்பைத் தள்ளிப்போட இயலாது. பின்னணிப் பணியாளோ தன் கடமையில் ஊக்கம் மிக்கவராய் ஆயிரக்கணக்கான எழுத்து வேண்டுகைகளை ஒரே வேளையில் வட்டின் வரிசையில் நிறுத்திவிடுகிறார். அவற்றின் பின்னே சிக்கிய ஒரேயொரு படிப்பு வேண்டுகை வாடி நிற்கிறது. பெருங்கோப்பு ஒன்றைப் படியெடுக்கும்போது கணிப்பொறி முழுதும் உறைந்தது போலத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

2017-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் வெளிவந்த 4.10 பதிப்பில் ஜென்ஸ் ஆக்ஸ்போ இதற்கொரு மருந்து கண்டார். கருத்து இணையப் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது. கேத்லீன் நிக்கல்சு, வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 2012-இல் வெளியிட்ட 'கோடெல்' என்னும் முறை, வரிசையின் நீளத்தை நோக்காது, வரிசையில் காத்திருக்கும் நேரத்தையே நோக்கும். அதே நோக்கில், படிப்பு வேண்டுகைகள் எவ்வளவு நேரத்தில் நிறைவேறுகின்றன என்பதை உட்கரு சிறுசிறு காலப் பகுதிகளாக அளந்துவருகிறது. திண்மநிலை வட்டுக்கு 2 மில்லி விநாடி, சுழலும் வட்டுக்கு 75 மில்லி விநாடி என்பன இயல்பான இலக்குகள். படிப்பு இவற்றைக் கடந்து தாமதித்தால், ஒரே வேளையில் வட்டுக்குச் செல்லும் பின்னணி எழுத்துகளின் எண்ணிக்கையை உட்கரு குறைக்கும். படிப்போர் இல்லாதபோது மீண்டும் தளர்த்தும். நிரல்களை மட்டுப்படுத்திய உட்கரு, இவ்வாறு தன் பணியாளையும் மட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டது.

நாம் செய்யத்தக்கன

இவற்றை அறிவதால் நமக்குப் பயன் உண்டா எனின், உண்டு. ஆண்டு முழுதும் உழைத்து எழுதிய ஆய்வேட்டையும், மாணவர் மதிப்பெண் பட்டியலையும், நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கையும் இன்று வட்டிலேயே வைத்திருக்கிறோம். 'முடிந்தது' என்ற சொல்லை மட்டும் நம்பிப் பென் டிரைவைப் பிடுங்கினால் நிலுவையில் நின்ற பக்கங்கள் அழியும். கோப்பின் பெயர் இருக்க உள்ளீடு இல்லாமற் போகலாம். முறைப்படி விடுவிக்கும் கட்டளையைத் தந்து, 'இனி எடுக்கலாம்' என்னும் அறிவிப்பு வந்த பின்னரே கழற்றுதல் வேண்டும். லினக்ஸில் 'சிங்க்' என்னும் கட்டளை நிலுவை முழுவதையும் வட்டுக்கு அனுப்பச் செய்யும்.

நிரல் எழுதப் பயிலும் மாணவர்க்கு மேலும் ஒரு கடமை உண்டு. இழக்கலாகாத பதிவை எழுதும்போது, 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பின் வாயிலாக வட்டின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே பயனருக்கு 'முடிந்தது' எனத் தெரிவித்தல் வேண்டும். அவ்வழைப்பு தரும் விடையையும் தவறாது நோக்குதல் வேண்டும்; வட்டில் பழுது இருப்பின் அது வெளிப்படும் இடம் அதுவே.

முடிவுரை

யாரை நிறுத்துவது? நிலுவையைப் பெருக்குவோரை, அவருள்ளும் அவரவர் பங்கின் அளவிற்கே. எப்போது நிறுத்துவது? எல்லை உடையும் வேளையில் அன்று, அதற்கு நெடுமுன்னரே. எவ்வளவு நேரம்? ஒருவரும் துன்புறாத சிறு சிறு இடைவெளிகளாக. உட்கருவை வடித்தோர் பல ஆண்டு உழைப்பில் கண்ட விடைகள் இவை. இறுதிவரை எவரையும் தடுக்காமல் இருந்து, முடிவில் எல்லோரையும் ஒருசேர நிறுத்துவது தாராளம் போலத் தோன்றினும் அது பொறுப்பின்மையே என்பதை அவ்வரலாறு காட்டுகிறது.

நம் விரல் ஒரு விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த நுண்ணிய பங்கீடு நமக்குத் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது. திரை ஒரு கணம் தயங்கி நின்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு பேரேடு பதியப்படுகிறது என்று அறிந்து, அது முடியும்வரை பொறுத்திருப்போமாக.